பழைய காருக்கு வாங்கிய மாற்று என்ஜினைப் பொருத்துவதற்கு முன்

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை (COE) மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்த காருக்கு, ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜினை வாங்கியுள்ள நீங்கள், அதை அப்படியே பொருத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரின் பதிவில் என்ஜின் எண்ணும் இடம்பெறுவதால், வேலையைத் தொடங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிமுறைகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, வாங்கிய என்ஜினிலுள்ள பழைய ஆயிலை ஒரு தட்டில் வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத் துகள்கள் மின்னினால் பேரிங்குகள் (சுழலும் பாகங்களைத் தாங்குபவை) தேய்ந்திருக்கக்கூடும், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை, அளவிடுங்கள். ஒன்றில் மட்டும் அளவு குறைந்தால், ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறிதளவு ஆயிலை விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகளையும், உயராவிட்டால் வால்வுகளையோ ஹெட் கேஸ்கெட்டையோ (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்கலாம்.

டைமிங் பெல்ட், அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் ஷாஃப்ட்டின் முன், பின் ஆயில் சீல்கள் ஆகியவற்றை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், இப்போதே மாற்றிவிடுங்கள். பின்புற சீல் பின்னாளில் கசிந்தால், மலிவான அந்த ரப்பர் வளையத்துக்காக கியர்பாக்ஸையே கழற்ற நேரிடும். பட்டறைக் கூலிதான் பெருஞ்செலவு. மேனுவல் கியர் என்றால் கிளட்ச் தட்டையும் இப்போதே பாருங்கள்.

பொருத்தி முடித்ததும், இக்னிஷனையும் (பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மின்சாரம்) எரிபொருளையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் சுழற்றுங்கள். அதன் பின்னரே என்ஜினை இயக்குங்கள்.