கொழும்பில் 70 மி.மீ. தொலைநோக்கியில் ஏன் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது?

வெள்ளவத்தை மொட்டைமாடியில் 70/700 தொலைநோக்கியை (வில்லை 70 மி.மீ., குவியத் தூரம் 700 மி.மீ.) வைத்து, 4 மி.மீ. பார்வைத்துண்டோடு உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ வில்லையையும் போட்டால் மங்கல் வெளிச்சம் மட்டுமே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியில் பழுதில்லை. அந்த இரண்டையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

குவியத் தூரமான 700ஐப் பார்வைத்துண்டின் மி.மீ. அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 20 மி.மீ. என்றால் 35 மடங்கு, 10 என்றால் 70. நாலோடு 3 மடங்கு பார்லோவும் சேர்ந்தால் 525. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது இதைத்தான். 70 மி.மீ. வில்லை நல்ல இரவிலும் 140க்கு மேல் தாங்காது. 35இலிருந்து 525க்குப் போனால் கோளின் உருவம் 225 மடங்கு மங்கும். அதோடு முக்காலியில் விரல் பட்டாலே கோள் பார்வையை விட்டு ஓடிவிடும்.

குழாயின் மேல் இருக்கும் குறிபார்க்கும் சிறு கருவியான ஃபைண்டரைப் பகலிலேயே சரிசெய்யுங்கள். 20 மி.மீ. போட்டுத் தாமரைக் கோபுரத்தின் உச்சியை நடுவில் பிடித்து, குழாயை இறுக்கிவிட்டு, ஃபைண்டரின் திருகுகளால் அதையும் அதே உச்சிக்குக் கொண்டுவாருங்கள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை வைத்துச் செய்தால், அது மிகக் கிட்டத்தில் இருப்பதால் இரவில் குறி விலகிப்போகும். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே வேண்டாம், கண் போய்விடும்.

முன்மூடியின் நடுவே ஒரு குட்டி மூடி இருக்கும். பலர் அதை மட்டும் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். முழு மூடியையும் கழற்றினால்தான் 70 மி.மீ. கிடைக்கும்.

நம் ஊரில் என்னைப் பொறுத்தவரை தெருவிளக்கைவிடப் பெரிய எதிரி ஈரம். ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் குளிர்ந்த வில்லையில் உடனே நீர் படியும். துடைக்காதீர்கள், கடற்கரைக் காற்றின் உப்பும் தூசியும் பூச்சைக் கீறிவிடும். மூடிகளைப் போட்டபடியே அரை மணித்தியாலம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள். உள்ளே வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொதிகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும்.

பகல் முழுக்கச் சுட்ட கொங்கிரீட் தளம் முன்னிரவில் வெப்பத்தை விடும். கோளின் விளிம்பு கொதிப்பதுபோல் ஆடும். வியாழனையும் சனியையும் ஒன்பது மணிக்குப் பிறகு, நன்றாக மேலே வந்ததும் பாருங்கள். 35 மடங்கிலேயே வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும், 70இல் அதன் இரண்டு மேகப் பட்டைகளும் தெரியும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பைக் காட்டி நின்றது, இப்போது ஆண்டுக்காண்டு விரிந்துவருகிறது.

போயா இரவில், அதாவது முழுநிலவன்று, நிலவைப் பார்க்க ஏறுவது வீண். நேர்வெளிச்சத்தில் நிழலே விழாது. வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமிவரை ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள்: பள்ளங்களின் விளிம்பும் நடுவில் நிற்கும் மலையும் நிழலோடு எழும்பித் தெரியும்.

ஓரியன் விண்மீன் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலா நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு வரும். அப்போது குழாயின் அடி முக்காலியில் முட்டும். சனவரியில் எட்டு மணிக்கு முன், கிழக்கில் ஏறும்போதே பிடித்துவிடுங்கள்.

துருவ அச்சில் திரும்பும் தாங்கி நல்லதென்று யாராவது சொன்னால் வாங்க அவசரப்பட வேண்டாம். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும், கொழும்பிலோ அந்த நட்சத்திரம் 7 பாகை உயரத்தில்தான். கட்டடமும் அடிவான மூட்டமும் அதை மறைத்துவிடும், பல மலிவுத் தாங்கிகளை அவ்வளவு தாழ்த்தவும் முடியாது. மேலும் கீழும், இடமும் வலமும் அசையும் சாதாரணத் தாங்கியே போதும்.