கூடப் போய் மான் கலைப்பதற்கும் லைசன்ஸ் வேண்டுமா?

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறேன். கனடாவுக்கு வந்து நாலு வருடம். பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து, குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் நவம்பரில் பான்கிராஃப்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறார்கள், என்னையும் வரச் சொல்கிறார்கள். "நீ துவக்கைத் தொட வேண்டாம், பத்தைக்குள் நடந்து மானைக் கலைத்துவிட்டால் போதும், அதற்கு லைசன்ஸ் தேவையில்லை" என்கிறார்கள். தூரத்து உறவினர் ஒருவர், தன் மனைவி பெயரில் எடுத்த டேக் (ஒரு மானைச் சுட அனுமதிக்கும் சீட்டு) சும்மா கிடக்கிறது, நூறு டாலருக்குத் தருகிறேன் என்கிறார். போகலாமா? குடியுரிமைக்குப் பிரச்சினை வருமா?

பதில்: தம்பி, தாராளமாகப் போகலாம். ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரிப் போகக் கூடாது. அந்த நூறு டாலர் டேக்கின் பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள்.

முதலில் மான் கலைக்கிற கதையைப் பார்ப்போம். ஒன்ராறியோவின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1997இல் வந்தது. அதன்படி சுடுவது மட்டும் வேட்டை இல்லை. விலங்குக்காகப் பதுங்கிக் காத்திருப்பது, தேடுவது, தடம் பிடித்துப் போவது, துரத்துவது எல்லாமே வேட்டைதான். விலங்கு விழுந்ததா தப்பியதா என்பதும் கணக்கில்லை. கொல்லும் நோக்கம் இல்லாமல் படம் எடுக்கப் பின்னால் போகிறவருக்கு இது பொருந்தாது. நீங்கள் படம் எடுக்கப் போகவில்லையே. பத்தையின் ஒரு பக்கம் நீங்கள் சத்தம் போட்டு நடக்க, மறுபக்கம் நாலு பேர் துவக்கோடு நிற்கிறார்கள் என்றால் நீங்களும் வேட்டைக்காரர்தான். கையில் தடி கூட இல்லை என்று, வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கிற கன்சர்வேஷன் ஆபீசரிடம் சொல்லிப் பயனில்லை. உங்கள் நண்பர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவர்களுடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் போகிறார்கள், பிடிபடாதவரை அதுதான் சட்டம் என்று நினைக்கிறார்கள்.

கொட்டிலில் தங்கிச் சமைப்பது, விறகு வெட்டுவது, செத்து விழுந்த மானை இழுத்து வர உதவுவது, உரித்து வெட்டுவது எதற்கும் லைசன்ஸ் வேண்டாம். ஆனால் காயப்பட்டு ஓடிய மானைத் தேடிப் போனால் மறுபடியும் வேட்டைக்குள் வந்துவிடுகிறீர்கள்.

சரி, இந்த வருடமே நடந்து கலைக்க ஆசை என்றால் வழி இருக்கிறது. ஒன்ராறியோ வேட்டைக் கல்விப் பாடத்தை இணையத்திலேயே படிக்கலாம். பரீட்சையில் தேறியதும் வேட்டைக்கான அட்டையான அவுட்டோர்ஸ் கார்ட் எடுக்க வேண்டும். அதில் எச்1, எச்2 என்று வகை உண்டு. எச்1 துவக்கோடு வேட்டையாட, எச்2 துவக்கு இல்லாமல் வேட்டையாட. உங்களுக்கு இப்போதைக்கு எச்2 போதும். அதோடு மான் லைசன்ஸும் அதற்குரிய டேக்கும் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். டேக்கை வீட்டிலேயே அச்சடிக்கலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். இதற்குக் குடியுரிமை தேவையில்லை. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் தொடர்ந்து ஆறு மாதம் ஒன்ராறியோவில் வாழ்ந்திருந்தால் ஒன்ராறியோவாசி என்றே கணக்கு.

சாதாரண மான் டேக் கொம்பு மானுக்கு மட்டும்தான். பெண் மானையோ குட்டியையோ சுட வேண்டுமென்றால் கோடையிலேயே குலுக்கலுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், அந்தக் காலம் போய்விட்டது. இரண்டு கொம்புமே 7.5 சென்ரிமீற்றரை எட்டவில்லை என்றால் அந்த ஆண் மானும் கொம்பில்லாததாகத்தான் கணக்கு. இருபது யார் தூரத்தில், இலை மறைவில், விடியற்கால வெளிச்சத்தில் அதை எப்படி அளப்பது என்று கேட்காதீர்கள். சந்தேகம் என்றால் சுடக் கூடாது, அவ்வளவுதான். பான்கிராஃப்ட் பக்கம் துவக்குக் காலம் வழக்கமாக நவம்பர் முதல் திங்களில் தொடங்கி இரண்டு கிழமை ஓடும். உங்கள் நண்பர்கள் போகிற வேட்டை வட்டாரத்தின் எண்ணைக் கேட்டு, அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் அதையே பாருங்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் நாள் மாறும்.

துவக்கு விஷயம் முற்றிலும் வேறு. அது மாகாணத்தின் கையில் இல்லை, மத்திய அரசிடம் இருக்கிறது. ஒரே மானைச் சுட இரண்டு அரசாங்கம், இரண்டு பாடம், இரண்டு கார்ட், இரண்டு இணையக் கணக்கு. ஒன்று மற்றதோடு கதைப்பதில்லை. போன் எடுத்தால் பாட்டுக் கேட்டுக்கொண்டே அரை நாள் போகும். துவக்கு லைசன்ஸான பி.ஏ.எல். எடுக்கப் பாதுகாப்புப் பாடம் படித்து, எழுத்துப் பரீட்சையிலும் செய்முறையிலும் தலா 80 வீதம் எடுக்க வேண்டும். செய்முறையை நேரில்தான் செய்து காட்ட வேண்டும். அப்புறம் விண்ணப்பம். முதல் முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு கட்டாயம், அதற்கு மேல் எவ்வளவு இழுக்கும் என்பது அவர்கள் கையில். இப்போது தொடங்கி நவம்பருக்குள் முடிப்போம் என்று திட்டம் போடாதீர்கள். அடுத்த வருடத்துக்கு என்று நிதானமாகச் செய்யுங்கள்.

விண்ணப்பத்தில் உங்களை மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேரை சாட்சியாகக் குறிப்பிட வேண்டும். மனைவி இருந்தால் அவருடைய விபரமும் வேண்டும். கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்த துணை இருந்தால் அவருடையதும் வேண்டும். மனைவியோ பழைய துணையோ கையெழுத்துப் போடாவிட்டால் அதிகாரிகளே தொடர்புகொண்டு சொல்வார்கள். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று ஒருவரும் கனவு காண வேண்டாம்.

இனி அந்த டேக். இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாதிப் பிரச்சினை அதைப் பிழையாக விளங்கிக்கொள்வதால் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒன்ராறியோவில் மான் வேட்டையைக் குழுவாகச் செய்யலாம். ஒருவர் சுட்ட மானுக்குக் குழுவில் இன்னொருவர் தன் டேக்கைப் பயன்படுத்தலாம். இதைத்தான் நம் ஆக்கள் "யாருடைய டேக் என்றாலும் பரவாயில்லை" என்று சுருக்கிவிட்டார்கள். அப்படி இல்லை. குழுவில் ஒவ்வொருவருக்கும் சொந்த லைசன்ஸ் இருக்க வேண்டும். டேக் உரியவர் அந்த நேரத்தில் அந்த வேட்டையில் உண்மையாகவே இருக்க வேண்டும். டேக் செல்லுபடியாகும் வட்டாரத்தில், சுடுகிறவருக்கு 5 கிலோமீற்றருக்குள் நிற்க வேண்டும். இரண்டு பேரும் உடனே, நம்பிக்கையாகத் தொடர்புகொள்ள முடிய வேண்டும். அந்தப் பக்கத்துக் காட்டில் போன் சிக்னல் வரும், போகும், அதனால் ஆளுக்கொரு கைரேடியோ வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் ஒருவர் விடிந்ததும் ஒரு கொம்பன் மானைச் சுட்டுத் தன் டேக்கைப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பத்து மணிக்கு நீங்கள் கலைத்துவிட்ட இன்னொரு மான் அவர் முன்னாலேயே வருகிறது. நீங்கள் லைசன்ஸோடும் டேக்கோடும் 800 மீற்றர் தள்ளி நடக்கிறீர்கள், உங்கள் ரேடியோ வேலை செய்கிறது. அவர் சுடலாம், மானுக்கு உங்கள் டேக். நீங்கள் அதற்குள் சலித்துப்போய்ப் பான்கிராஃப்ட் ரவுணுக்குக் கோப்பி குடிக்கக் காரில் போய்விட்டீர்கள் என்றால் சுடக் கூடாது. அதே டேக் உங்கள் உறவினரின் மனைவி பெயரில், அவர் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு இந்தப் பக்கம் ஸ்காபரோவில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் கதையே வேறு. அது கடன் வாங்கிய டேக். கொடுத்தவருக்கும் குற்றம், வாங்கியவருக்கும் குற்றம். மான் விழுந்தால் அதை நகர்த்துவதற்கு முன்னால், விழுந்த இடத்திலேயே, டேக்கில் உரிய இடங்களை வெட்டிக் குறிக்க வேண்டும். கொட்டிலுக்குக் கொண்டுபோய் யாருடைய டேக்கைப் போடலாம் என்று கூடிப் பேசுகிற வேலை கிடையாது.

இந்தச் சட்டத்தில் பொதுவான குற்றத்துக்கு உச்சத் தண்டனை 25,000 டாலர் அபராதம், ஒரு வருடச் சிறை, அல்லது இரண்டும். விற்பனை, வாங்கல் என்று வணிகமாகச் செய்தால் 100,000 டாலரும் இரண்டு வருடமும். வாகனம், துவக்கு, இறைச்சி எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். சாதாரண லைசன்ஸ் மீறல் மாகாணக் குற்றம், அதைக் குற்றவியல் வழக்கோடு குழப்பிப் பயப்பட வேண்டாம். ஆனால் பி.ஏ.எல். இல்லாமல் துவக்கைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் நடந்தீர்களோ, அது குற்றவியல் சட்டத்துக்குள் போய்விடும். அந்த வழக்கு முடியும் வரை உங்கள் குடியுரிமைக் கோப்பு ஆடாமல் அசையாமல் கிடக்கலாம். "ஒரு நிமிஷம் பிடி" என்று யாராவது நீட்டிவிட்டு அங்கால் போனால் வாங்காதீர்கள்.

நூறு டாலர் டேக் ஆள் தனி ஆள் இல்லை. ஒவ்வொரு இலையுதிர்காலமும் இந்தக் கூட்டம் கிளம்பும். பிளாசாவில் ஒரு மேசையைப் போட்டு, விசா முதல் வீட்டுக் கடன் வரை எல்லாப் படிவமும் நிரப்புகிற ஒருவர் துவக்கு லைசன்ஸும் "எடுத்துத் தருவார்". பரீட்சை எழுத வேண்டாம், சாட்சிக்கும் தானே ஆள் பிடிப்பதாகச் சொல்வார். உங்களை மூன்று வருடமாகத் தெரியும் என்று முன்பின் தெரியாதவர் கையெழுத்துப் போட்டால், விண்ணப்பத்தில் பொய் சொன்ன குற்றம் உங்கள் தலையில் விழும். அந்த மேசைக்காரர் அடுத்த மாதம் வேறு பிளாசாவில் இருப்பார். விண்ணப்பம் நேரே மத்திய பொலிசான ஆர்.சி.எம்.பி.க்குத்தான் போகிறது, நடுவில் ஒருவருக்கும் இடமில்லை.

இன்னொரு ரகம் வான் பிடித்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி, "எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரனின் காணி" என்று கூட்டிப் போகிறவர்கள். அந்தக் காணிக்காரருக்கு இவர்களைத் தெரியவே தெரியாது. காணி வாசலிலோ மரத்திலோ சிவப்புப் புள்ளி அடித்திருந்தால் உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம். மஞ்சள் என்றால் அனுமதித்த வேலைக்கு மட்டும். ஒன்றுமே அடிக்காவிட்டாலும் அது அனுமதி ஆகாது, உரியவரிடம் நேரில் கேட்க வேண்டும். அரச காணி வேறு. உங்கள் நண்பர்களிடமும் இதைக் கேட்டு வையுங்கள்: இது யாருடைய நிலம், யார் சம்மதித்தது?

பழைய துவக்கை வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கைமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 மே மாதத்திலிருந்து, சாதாரண வேட்டைத் துவக்கை விற்கிறவர் கூட வாங்குபவரின் லைசன்ஸை மத்திய அரசின் துவக்குப் பதிவாளரிடம் சரிபார்த்து ஓர் எண் பெற்ற பிறகுதான் கொடுக்கலாம். அந்த எண் என்ன என்று கேளுங்கள், விற்கிறவர் தானாக நழுவிவிடுவார்.

இறைச்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் கேட்பார்கள். வேட்டையில் கிடைத்த மான் இறைச்சியைக் கொடுக்கலாம், விற்க முடியாது. "பெற்றோல் காசு" என்று பெயர் மாற்றினாலும் விற்பனை விற்பனைதான். வாட்ஸ்அப்பில் கிலோ விலை போட்டு வருகிற காட்டு மான் இறைச்சியை வாங்கவும் வேண்டாம். பண்ணையில் வளர்த்ததைக் கடையில் வாங்கிச் சமையுங்கள்.

கலைக்கிற ஆளுக்கு மிக முக்கியமானது உடுப்பு. துவக்குக் காலத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் வேட்டைச் செம்மஞ்சள் தெரிய வேண்டும், அதுவும் எல்லாப் பக்கத்திலிருந்தும். தலையிலும் அதே நிறத் தொப்பி. நீங்கள் வேலைத்தலத்தில் போடுகிற வெஸ்ட் பச்சை மஞ்சளாக இருந்தால் அது செல்லாது. வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிற வெஸ்டும், செம்மஞ்சளில் இலைக் கோலம் போட்டதும் அந்த 400இல் சேராது. சரியான வெஸ்டைப் போட்டுவிட்டு மேலே கறுப்புப் பையைத் தொங்கவிட்டால் முதுகுப் பக்கம் மறைந்துவிடும். உங்கள் நண்பர்களின் துவக்குகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதை நடக்கத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் எந்தத் திசைக்குச் சுட மாட்டார்கள் என்பதையும் வாய் விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒருவரும் வேட்டையாடக் கூடாது, துவக்கில் தோட்டாவும் இருக்கக் கூடாது.

காலம் முடிந்ததும் இணையத்தில் வேட்டை அறிக்கை கொடுக்க வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும், போகவே இல்லை என்றாலும், டேக் எடுத்தவர் கட்டாயம் கொடுக்க வேண்டும். 2019இலிருந்து இப்படித்தான். மானே காணாதவர்தான் இதை மறந்துவிடுவார், அதனால் இப்போதே போனில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.