1972-இன் ரசனையும் ஒரு கவிஞரின் கோபமும்

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' பாட்டை எப்போது கேட்டாலும் மனம் கனத்துப்போகிறது. இழப்பை இப்படிப் பாட இன்று யார் இருக்கிறார்கள்? 1972-இன் ரசனையே தனி, இல்லையா?

பதில்: தனிதான். எந்த அளவுக்குத் தனி என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் ஏங்குகிற அந்த 1972-இல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இந்தப் பாட்டே கிடையாது. ஆல்பத்தில் இருந்தது ஏழே பாட்டு. இடப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. கிதார்காரர் ரிச்சி பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 'நெவர் பிஃபோர்' பிய்த்துக்கொண்டு போகும் என்று நம்பி அதைச் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டார்கள். அந்தத் தட்டின் முதுகில் இதை ஏற்றி அனுப்பினார்கள். முன்பக்கம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 35-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. முன்பக்கத்துக்கே இந்தக் கதி என்றால் எத்தனை பேர் தட்டைத் திருப்பிப் போட்டிருப்பார்கள்? அதே ஆல்பத்தின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' 1973-இல்தான் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து நாலாம் இடம் வரை போனது. சொந்தச் சரக்கில் எது விலைபோகும் என்று செய்தவர்களுக்கே தெரியவில்லை. இதுதான் சார் பொற்காலத்து ரசனை.

பாட்டு பதிவானது 1971 டிசம்பர், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ. பதிவுக்குப் பேசி வைத்திருந்த காசினோ, அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரியின்போது தீப்பிடித்துச் சாம்பலானது. கடைசியில் கிடைத்தது, குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாத்தி எதிரொலியை அடக்கினார்கள். ஒலிப்பதிவுக் கருவிகளோ வெளியே நின்ற, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு ராக் குழுவின் ஒலிப்பதிவு வண்டியில். பதிவானதைக் கேட்க வேண்டுமென்றால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டி அங்கே போக வேண்டும். இந்த அலைச்சலில் கேட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

இப்போது வரிகளைக் கவனியுங்கள். போகிறாயா, கதவைச் சாத்திவிட்டுப் போ, இனி யாரும் வரப்போவதில்லை என்கிறான் தரையில் கிடக்கிறவன். ஒரு காலத்தில் ஓர் அறையில் ஒரு நட்பு இருந்தது, சீக்கிரமே முடிந்துவிட்டது, குளிர் மாதம். சொல்கிற விஷயம் இவ்வளவே. 'சைல்ட் இன் டைம்' பாட்டில் கூரையைப் பிய்த்த பாடகர் இயன் கில்லன் இங்கே பெரும்பாலும் குரலை உயர்த்துவதே இல்லை. ஜான் லார்டின் ஆர்கன் அடியில் மெல்ல நகர்கிறது. பிளாக்மோரின் தனி வாசிப்பு வருகிறது பாருங்கள், பிடிக்காத பாட்டுக்கு இவ்வளவு உருகி வாசித்த மனிதரை என்ன செய்வது?

அவர் குழுவில் இருந்த நாட்களில் இது மேடையேறியது ஒரே ஒரு தடவை. 1972 ஏப்ரல், கனடாவின் கியூபெக். அவர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, ராண்டி கலிஃபோர்னியா என்ற வேறொரு கிதார்காரர் வாசித்த அன்று. அவர் படுத்தபோதுதான் பாட்டு எழுந்தது! 1993-இல் அவர் ஒரேயடியாக விலகிய பிறகுதான் கச்சேரிகளில் அது வழக்கமானது. ஆக, இதைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவது நீங்கள் திட்டுகிற இந்தக் காலம். இழப்பைப் பாட இன்றும் ஆள் இருப்பார்கள். தட்டைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள்.

இதைப் படித்ததும் நம் பழைய நண்பரான அந்தக் கவிஞர் பேனாவை எடுப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் கவிதையைத் திருப்பி அனுப்பியதிலிருந்து இதழுக்கு ஒரு வசவுக் கடிதம் தவறாமல் வருகிறது. "பார்த்தீரா, பிளாக்மோரைப் போல நீரும் நல்லதைத் தள்ளியவர்தான்" என்று அடுத்த கடிதம் ஆரம்பிக்கும். ஐயா, கில்லன் பாட்டில் ஓர் அறை, ஒரு கதவு, ஒரு தரை. உங்கள் கவிதையில் நிலா மட்டும் ஆறு இடத்தில் வருகிறது, அதில் இரண்டு இடத்தில் அழுகிறது. போதாக்குறைக்கு 'நினைவுச் சிறகுகள்' வேறு. பிளாக்மோர் தள்ளியதற்குக் காரணம் அவருடைய ரசனை. நான் தள்ளியதற்குக் காரணம் நிலா. ஐந்தைக் கழித்துவிட்டு அனுப்புங்கள், பார்க்கலாம். தபால்தலை ஒட்டிய உறையும் கூடவே இருக்கட்டும்.