கடிகாரத்தைப் பார்த்து ஓடலாமா?

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். மூன்று வருடங்களுக்கு முன் என் பெரியம்மா புற்றுநோயில் இறந்தார். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் நிதி கேட்டு வாங்கி, பெரியம்மாவின் பெயரை எழுதிய அட்டையை முதுகில் குத்திக்கொண்டு ஓடினேன். 58 நிமிடம் 47 நொடி. இதற்கு முன் என் சிறந்த நேரம் 62 நிமிடம் 15 நொடி. கோட்டைத் தாண்டியதும் வாட்ச்சைப் பார்த்துக் கத்தியே விட்டேன்.

பெரியப்பா 5 கிலோமீட்டர் நடைக்குப் பெயர் கொடுத்திருந்தார். எனக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். ஓடிப்போய் என் நேரத்தைச் சொன்னேன். "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல கடிகாரத்தைப் பார்த்துட்டா ஓடினே?" என்றார். கோபமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டார். அன்று மாலையே, நேரத்தைப் போட்டுப் பகிர்ந்திருந்த படத்தை நீக்கிவிட்டேன். நான் சந்தோஷப்பட்டது தப்பா?

இன்னொரு சின்னச் சந்தேகம். முடிவுக்கோட்டில் இருந்த பெரிய கடிகாரம் 60 நிமிடம் 20 நொடி காட்டியது. என் வாட்ச்சில் தூரம் 10.14 கிலோமீட்டர். எதை என் நேரம் என்று சொல்வது?

அன்புடன்,
உங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வாழ்த்துகள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 13 நொடியில் ஓடிக்கொண்டிருந்தவர் 5 நிமிடம் 53 நொடிக்கு வந்திருக்கிறீர்கள். அந்த 20 நொடியைக் குறைக்க எத்தனை விடியற்காலைகள் போகும் என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியும். நீக்கிய படத்தைத் திரும்பப் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சின்னச் சந்தேகத்தை முடித்துவிடுகிறேன். சாலை ஓட்டத்தில் இரண்டு நேரங்கள் உண்டு. தொடக்க ஒலி கேட்டதிலிருந்து ஓடுவது பெரிய கடிகாரம். நம்முடைய எண் அட்டையில் இருக்கும் சிப், நாம் தொடக்கக் கோட்டை மிதித்த நொடியிலிருந்து கணக்கு வைக்கிறது. முதலில் வந்தவர் யார் என்று முடிவுசெய்யப் பெரிய கடிகாரம்தான் செல்லும். ஆனால் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்த நீங்கள் கோட்டுக்கு வந்து சேரவே 1 நிமிடம் 33 நொடி ஆகியிருக்கிறது. அதை உங்கள் ஓட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை. உங்கள் வாட்ச்சையும் கோட்டை மிதித்தபோதுதான் ஓடவிட்டிருப்பீர்கள். 58:47தான் உங்கள் நேரம்.

தூரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். முறையாக அளக்கும் பாதையை, வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய வழியில் சைக்கிள் ஓட்டி அளப்பார்கள். பாதை தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று கூட்டி வைப்பார்கள். 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர். நாம் யாரும் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. முன்னால் போகிறவரைச் சுற்றிக்கொண்டு போகிறோம், வளைவில் அகலமாகத் திரும்புகிறோம். அதோடு வாட்ச்சின் செயற்கைக்கோள் கணக்கிலும் பிழை இருக்கும். 10.14 என்று காட்டுவது சகஜம். நிதி ஓட்டங்கள் எல்லாமே இவ்வளவு கவனமாக அளக்கப்படுவதில்லை என்பதும் உண்மைதான். ஒருவேளை பாதை 300 மீட்டர் குறைவாகவே இருந்திருந்தாலும், உங்கள் வேகத்துக்கு அது 1 நிமிடம் 49 நொடி. அதைக் கூட்டினாலும் பழைய நேரத்தை நீங்கள் நன்றாகவே தாண்டியிருக்கிறீர்கள்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், இதே போன்ற ஓர் ஓட்டத்தில், ஏழாவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு முட்டியது. நடக்கத் தொடங்கலாம் என்று நினைத்த நேரத்தில் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். முதுகில் ஓர் அட்டை. மார்க்கர் பேனாவில் 'அப்பாவுக்காக' என்று எழுதியிருந்தது. நான்கு ஊக்குகளில் ஒன்று கழன்று, அட்டையின் கீழ்மூலை ஒவ்வோர் அடிக்கும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வியர்வையில் முதல் எழுத்து கரைந்து நீலமாக வழிந்திருந்தது. அந்த முதுகை விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன். கடைசிக் கிலோமீட்டரில் அவர் வேகத்தைக் கூட்டினார், என்னால் முடியவில்லை. நான் வந்து சேர்ந்தபோது அவர் ஓரமாகக் குனிந்து நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகை நேரத்துக்கா, அப்பாவுக்கா? எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் பிரித்துச் சொல்லியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் முதுகிலும் ஒரு பெயர் இருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சும்போது உடம்பு ஒரு காரணம் கேட்கும். உங்களிடம் இரண்டு இருந்தன. வேகமாக ஓடியதால் அந்தக் குழந்தைகளுக்குப் போகும் பணத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை. நிதி கொடுத்தவர்கள், இந்தப் பெண் கஷ்டப்பட்டு ஓடப் போகிறாள் என்பதற்காகத்தான் கொடுத்தார்கள். நீங்களும் அப்படித்தான் ஓடினீர்கள்.

ஆனால் பெரியப்பா கேட்டதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. டெர்ரி ஃபாக்ஸை நினைத்துக்கொள்கிறேன். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்த கனடா நாட்டு இளைஞர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் 22 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் ஒவ்வொரு வருடமும் நடக்கும் ஓட்டம் போட்டியே அல்ல. வெற்றியாளரும் கிடையாது, பரிசும் கிடையாது. சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவரும் அங்கே ஒன்றுதான். உங்கள் பெரியப்பா அந்த மாதிரி ஓர் இடத்தைத்தான் மனதில் வைத்து வந்திருப்பார்.

அதே டெர்ரி, ஒரு நாளைக்கு ஒரு மாரத்தான் தூரம், அதாவது சுமார் 42 கிலோமீட்டர் என்று இலக்கு வைத்து ஓடியவர். இன்று எவ்வளவு ஓடினோம் என்ற கணக்கு அவருக்கும் இருந்தது. பஞ்சாபில் பிறந்த முதிய ஓட்டக்காரர் ஃபௌஜா சிங்கையும் சொல்ல வேண்டும். தொண்ணூறை நெருங்கும் வயதில், 2000-ல், குறைமாதக் குழந்தைகளுக்கு உதவும் அமைப்புக்காக லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் ஓடினார். 2003-ல் டொரொன்டோவில் 5 மணி 40 நிமிடத்தில் முடித்தார். அந்த வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்திருக்கிறார்! நேரம் ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பவர் அப்படிக் குறைக்க முடியாது. அதனால் அவர் யாருக்காக ஓடினாரோ அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

நேரம் பார்ப்பது எனக்குத் தவறாகப் படுவது ஓரிடத்தில்தான். நடப்பவர்களை இடித்துக்கொண்டு போவது, விழுந்தவரைத் தாண்டிப் போவது, இதெல்லாம் நேரத்துக்காகச் செய்தால் அது தப்பு. நீங்கள் அப்படிச் செய்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'ஓடிப்போய் என் நேரத்தைச் சொன்னேன்.' அந்த நிமிடத்தை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். மனைவியை நினைத்துக்கொண்டு 5 கிலோமீட்டர் நடந்து வருகிறார். ஒரு மணி நேரம் அவர் மனதில் வேறு எதுவும் இருந்திருக்காது. வந்து சேர்ந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை ஓர் எண். அவர் கேட்டது உங்கள் சந்தோஷத்தைக் குறை சொல்ல அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது வேறு. பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். உங்கள் மேல் தப்பு என்று சொல்லவில்லை. 10 கிலோமீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி முடித்த ஒருவரால் அந்த நேரத்தில் இதையெல்லாம் யோசிக்க முடியாது. எனக்கும் முடியாது.

இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்கள். அந்த முதுகு அட்டை இன்னும் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். எட்டாவது கிலோமீட்டரில் என்ன நடந்தது, நடந்துவிடலாமா என்று தோன்றியதா, அப்போது பெரியம்மா நினைவுக்கு வந்தாரா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். 58:47 அந்தக் கதையின் நடுவில் தானாக வந்துவிடும். அவரும் தன் 5 கிலோமீட்டரில் என்ன நினைத்தார் என்று சொல்லட்டும். அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடமும் இரண்டு பேரும் போவீர்கள் என்று நம்புகிறேன். முழு வேகத்தில் ஓடுங்கள், 57-க்கு முயற்சி செய்யுங்கள். கோட்டைத் தாண்டியதும் தண்ணீர் குடித்து இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, ஓட்டப் பாதைக்கு வெளியே ஓரமாகத் திரும்பி நடங்கள். நான்காவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் எங்காவது பெரியப்பா வந்துகொண்டிருப்பார்.

அன்புடன்,
அண்ணன்