சாவியை ஆனி முடியும் முன்பே கொடுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறோம். மகள் படிப்புக்காக, ஆடி பிறக்கும் முன் கோவை சரவணம்பட்டியில் ஓர் அபார்ட்மென்ட்டுக்குப் போகிறோம். ஓனர் வயதானவர், எங்களை வீட்டு மனுசராகவே நடத்தியவர். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் கிளம்ப என்ன செய்யவேண்டும்? புது இடத்தில் எதைக் கவனிக்கவேண்டும்?

பதில்: புது வீட்டில் பால் காய்ச்ச நேரம் பார்ப்பவர்கள் பழைய வீட்டின் சாவியை என்றைக்குக் கொடுப்பது என்று யோசிப்பதில்லை. உங்கள் விஷயத்தில் அந்தத் தேதிதான் முக்கியம். ஆடியில் யாரும் குடிவர மாட்டார்கள். ஆனி கடைசி நாளில் நீங்கள் சாவி கொடுத்தால் ஆவணி பிறக்கும்வரை அந்த வீடு பூட்டியே கிடக்கும், ஓனருக்கு ஒரு மாத வாடகை போய்விடும். ஆடி ஜூலை 17 வாக்கில் பிறக்கிறது. ஜூலை முதல் வாரத்திலேயே காலி செய்துவிட்டால் வெள்ளையடிக்க நாலு நாள் போக, அடுத்து வருபவர்களும் ஆனியிலேயே பால் காய்ச்சலாம். ஆனிக் கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள் என்பதால் உங்களுக்கும் இதுதான் வசதி.

இதை வைகாசியிலேயே, கணவனும் மனைவியுமாகப் போய் ஓனரிடம் நேரில் சொல்லுங்கள். "அய்யா, புள்ள படிப்புக்கோசரம் கோயமுத்தூர் போறமுங்க. ஆனி இருபதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணித் தர்றமுங்க" என்றால் போதும். லைன் வீட்டில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தது பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். அடுத்தவர் வாயால் கேள்விப்பட்டால் பெரியவருக்கு வருத்தமாக இருக்கும். "கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கங்க" என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அவரைக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்காவிட்டால் வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் பல இடங்களில் வெள்ளையடிக்க என்று ஒரு தொகையைப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. அது எவ்வளவு என்பதைச் சாவி கொடுக்கும் நாளில் பேசினால் கசப்புதான் வரும். முதல்நாள் பேச்சிலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள்.

கேஸ் வேறு ஊருக்கு மாறுவதால் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, ரத்துச் சீட்டும் டெபாசிட் பணமும் வாங்கிக்கொள்ளவேண்டும். அந்தச் சீட்டைக் காட்டினால் கோவையில் அதே பெயரில் இணைப்புத் தொடரும். டெபாசிட் மட்டும் அன்றைய கணக்குப்படி புதிதாகக் கட்டவேண்டியிருக்கும். 14.2 கிலோ சிலிண்டரைச் சாமானோடு வண்டியில் ஏற்றிப் போவது ஆபத்து, வேண்டாம்.

மளிகைக் கடைப் பற்று, பால் கணக்கு, அக்கம்பக்கத்தில் போட்ட சீட்டு எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே தீர்த்துவிடுங்கள். சீட்டு ஏற்கெனவே எடுத்திருந்தால் மீதித் தவணை எந்தத் தேதியில், யார் கைக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள்; ஒரு கை சர்க்கரையாவது இருக்கட்டும். டிரம்மில் பிடித்து வைத்த நல்ல தண்ணியைக் கீழே கொட்டாதீர்கள். நாள் கணக்கில் காத்திருந்து பிடிக்கும் தண்ணி அது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாள் குறிக்கும்போது லைனில் யாருக்கு நைட் ஷிப்ட் என்று பாருங்கள். பகலில் தூங்குகிறவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால், ஆணி பிடுங்குவது, கட்டில் கழற்றுவது எல்லாம் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு வேண்டாம் என்றே சொல்வோம். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் துணி துவைப்பதும் தலைக்குக் குளிப்பதும் அன்றைக்குத்தான். குறுகலான லைன் வாசலில் வண்டி நின்றால் எல்லோருக்கும் இடைஞ்சல்.

லோடுமேன்களிடம் எத்தனை மாடி, லிப்ட் உண்டா, பீரோ எத்தனை, இறக்கும் கூலி சேர்ந்ததா என்பதை வண்டி பேசும்போதே சொல்லிவிடுங்கள். கூலித் தகராறு வருவது பெரும்பாலும் சொல்லாமல் விட்ட மூன்றாவது மாடியால்தான். காலை டீயும் குடிக்கத் தண்ணியும் உங்கள் பொறுப்பு. மதியத்தைத் தாண்டினால் சாப்பாடும். புத்தகப் பெட்டி 15 கிலோவைத் தாண்டவேண்டாம். பீரோவைக் காலி செய்து பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரில் குழவிக்கல்லைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். உள்ளேயே விட்டால் வழி முழுக்க டிரம்மில் இடித்து, கல் சில்லுப்போகும். பிரிட்ஜை முதல்நாளே அணைத்து ஐஸ் கரையவிடுங்கள், நிறுத்தியபடியே ஏற்றச் சொல்லுங்கள். சாய்த்து ஏற்றினால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். அப்படி நேர்ந்துவிட்டால் இறக்கியதும் போடாமல் சில மணி நேரம் நிறுத்திவையுங்கள்.

ஆள் கிளம்பிய கையோடு வீட்டைக் கூட்டக்கூடாது என்பார்கள். அதனால் சாமான் ஏறியதும், நீங்கள் படியிறங்கும் முன்பே கூட்டித் துடைத்துவிடுங்கள். ஆணி பிடுங்கிய ஓட்டைகளை ஒயிட் சிமெண்ட்டால் அடைத்திருக்கவேண்டும். பகல் வெளிச்சத்தில் ஓனரைக் கூட்டிவந்து அறை அறையாகக் காட்டி, மீட்டர் ரீடிங்கை அவர் எதிரிலேயே படம் எடுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் நடுவில் காலி செய்பவர் பங்கு பேச்சுக்கு இடமாகும். எண்ணைக் குறித்து, பணத்தை அப்போதே கொடுத்துவிடுங்கள். எல்லாச் சாவியும், இரட்டைச் சாவி உட்பட, அவர் கையில். "போறோம்" என்று சொல்லாமல் "போயிட்டு வர்றமுங்க" என்று சொல்லுங்கள்.

அபார்ட்மென்ட்டில் செயலாளரிடமும் வாட்ச்மேனிடமும் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். சாமான் ஏற்ற எந்த நேரம், எந்த லிப்ட், அதற்குக் கட்டணம் உண்டா, வண்டி உயரத்துக்கு வாசல் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லிப்ட் கதவில் பெட்டியை வைத்து மறித்தால் மேல்மாடிக்காரர் உங்களை முதன்முதலில் பார்ப்பதே கோபத்தோடுதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி எந்தக் குழாயில், எந்த நேரத்தில் வரும் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். டிரில்லர் வேலையைப் பகலில் ஒரே நாளில் முடித்துவிட்டால் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள்.

கேஸ் இணைப்பு வரும் முன் இண்டக்ஷனில் பால் காய்ச்சுவதாக இருந்தால் பித்தளை, வெள்ளிப் பாத்திரம் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். பொங்கி வழிந்த பால் பட்டன்மேல் பட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்பதால், பொங்கியவுடன் தூக்கிவிட ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். ஒரு லிட்டர் பால் சிறிய டம்ளரில் பத்துப் பேருக்கு வரும். அதே தளத்தில் இருக்கும் வீடுகளை எண்ணி வாங்குங்கள். கதவு திறக்காத வீட்டுக்குச் சாயங்காலம் மறுபடி போய், கொஞ்சம் இனிப்போடு பெயர் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.