38-ஆ, 42-ஆ? விலையுயர்ந்த ஸ்கை உடையில் சரியான சைஸ்

கேள்வி: முதல் தடவையாக ஸ்கை (பனிச்சறுக்கு) உடை நல்லதாக வாங்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். என் உயரம் 164 செ.மீ. ஜெர்மன் பிராண்ட் ஜாக்கெட்டில் 38 கச்சிதமாக இருந்தது. இத்தாலிய ஜாக்கெட்டில் 42 கொடுத்தார்கள், மார்பில் இறுக்கிப் பிடிக்கிறது. பேன்ட்டில் ஹிப்புக்குச் சரியாக இருப்பது இடுப்பில் தொளதொளவென்று நிற்கிறது. எனக்கு உடை வாங்கித் தரும் ஸ்டைலிஸ்ட், "உள்ளே தெர்மல் போட வேண்டுமே, எல்லாவற்றையும் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடுங்கள்" என்கிறார். தள்ளுபடியில் வாங்குவதால் ரிட்டர்ன் கிடையாதாம். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். ரிட்டர்ன் இல்லை என்ற ஒரு வார்த்தைக்காகவே எடுக்க வேண்டாம் என்பேன். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அந்த 42. ஜெர்மன் 38-க்கு இணையான இத்தாலிய எண் 44. உங்களுக்கு ஒரு சைஸ் சின்னதைக் கொடுத்துவிட்டார்கள், இறுக்காமல் என்ன செய்யும்? பெண்கள் உடையில் ஜெர்மன் எண்ணோடு 2 கூட்டினால் பிரெஞ்சு எண், 6 கூட்டினால் இத்தாலிய எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 38 பிரான்ஸில் 40, பிரிட்டனில் 12, அமெரிக்காவில் 8. மோன்க்ளேர் என்ற விலையுயர்ந்த பிராண்டின் ஜாக்கெட்டுகளில் இந்த எண்களே இருக்காது. அங்கே 0, 1, 2, 3 என்று போகும். 1 என்றால் ஸ்மால், 2 என்றால் மீடியம். ஜெர்மன் கடைகளில் 19 என்றோ 76 என்றோ லேபிள் பார்த்தால் குழந்தைகள் உடை, ராட்சத உடை என்று பயப்பட வேண்டாம். 38-இன் பாதி 19, அது குள்ளமானவர்களுக்கு. இருமடங்கு 76, அது உயரமானவர்களுக்கு. சுற்றளவு மாறாது, நீளம்தான் மாறும். 164 செ.மீ. உயரத்துக்குச் சாதாரண 38 போதும். கால் மட்டும் உங்களுக்குக் குட்டை என்றால் பேன்ட்டில் 19 போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கூட்டல் கழித்தல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே எரிச்சல்தான். ஐரோப்பாவில் ஈ.என். 13402 என்றொரு தர விதி இருக்கிறது. ஒரு மனித உருவம் வரைந்து, மார்பு இவ்வளவு செ.மீ., இடுப்பு இவ்வளவு செ.மீ. என்று லேபிளிலேயே அச்சிடச் சொல்கிறது. இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கட்டாயம் இல்லை என்பதால் யாரும் சீந்துவதில்லை. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் ஜாக்கெட்டில் தங்க நிற ஜிப் வைக்க முடிகிறது, இரண்டு எண்களை அச்சிட முடியவில்லை.

ஆகவே உங்கள் அளவை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மார்பின் மிகப் புடைத்த இடம், இடுப்பின் மிக ஒடுங்கிய இடம், பின்புறத்தின் மிக அகலமான இடம், பிறகு கவட்டையிலிருந்து தரைவரை. மெல்லிய உள்ளாடையோடு அளந்தால் போதும். ஸ்வெட்டருக்கு மேல் டேப்பைச் சுற்றாதீர்கள். தெர்மலுக்கும் நடுவே போடும் மெல்லிய ஃபிளீஸ் சட்டைக்கும் வேண்டிய இடத்தைத் தைத்தவர் ஏற்கெனவே விட்டிருக்கிறார். நீங்களும் ஸ்வெட்டரோடு அளந்தால் அதே இடத்தை இரண்டு முறை விட்டதாகிவிடும். ஜெர்மன் 38 என்பது பெரும்பாலான அட்டவணைகளில் மார்பு சுமார் 88, இடுப்பு 72, ஹிப் 97 செ.மீ. உடம்புக்கு உரியது.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. கம்பெனி அட்டவணை உடம்பின் அளவைச் சொல்கிறது. மறுவிற்பனை செய்பவர்கள் ஜாக்கெட்டைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து 52 என்று போடுவார்கள். இரண்டு மடங்காக்கினால் 104. 88 செ.மீ. மார்புள்ளவர் "அய்யோ, 16 செ.மீ. பெரிது" என்று பதறி ஒரு சைஸ் குறைப்பார். ஸ்கை ஜாக்கெட்டில் அந்த இடைவெளி இருக்க வேண்டியதுதான். எந்த அளவு என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். உயரமும் எடையும் மட்டும் கேட்டுவிட்டு "உங்கள் சைஸ் எம்" என்று சொல்லும் இணையக் கடையின் தானியங்கிப் பெட்டியையும் நம்பாதீர்கள். அதற்கு உங்கள் ஹிப் தெரியாது.

இனி ஒரு சைஸ் பெரிது என்ற உபதேசம். தெர்மலின் தடிமன் சில மில்லிமீட்டர். அதற்கு ஒரு சைஸ் தேவையில்லை. இறகு அடைத்த ஜாக்கெட்டில் குளிரைத் தடுப்பது இறகுகளுக்கு நடுவே நிற்கும் காற்று. இறுக்கமாக இருந்தால் இறகு நசுங்கிக் காற்று போய்விடும், உண்மை. தொளதொளத்தாலும் கஷ்டம்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழ் விளிம்பு வழியாகச் சூடு வெளியேறிக் குளிர்காற்று உள்ளே வரும். பேன்ட்டில் இன்னும் மோசம். ஜெர்மன் பிராண்டான போக்னர் 1950-களில் பிரபலமாக்கிய ஸ்ட்ரெச் பேன்ட்டின் வம்சம்தான் இன்றைய விலையுயர்ந்த மெல்லிய ஸ்கை பேன்ட்கள். உடம்போடு ஒட்டி நிற்கவே வெட்டப்பட்டவை. பெரிதாக எடுத்தால் முட்டியில் பை போலத் தொங்கும்.

பிறகு ஏன் ஸ்டைலிஸ்ட் அப்படிச் சொல்கிறார்? இறுக்கமான உடை திரும்பி வரும், பெரிய உடை திரும்பி வராது. ஜிப் மூடிவிட்டால் வாங்கியவர் சமாதானமாகிவிடுவார். கமிஷனும் கைக்கு வந்துவிடும். எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. ரிட்டர்ன் கிடையாது என்று முதலிலேயே சொல்பவர் பெரும்பாலும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்காரரிடம் இணையவழி வாங்கினால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் எனலாம். தள்ளுபடி விலை என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. உங்கள் அளவுக்கென்றே தைத்ததற்கு மட்டும் கிடையாது. ஆனால் பில் ஸ்டைலிஸ்ட் பெயரில் இருந்தால் கடையோடு ஒப்பந்தம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பில்லை உங்கள் பெயரில் கேளுங்கள். அவர் முகம் மாறினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பேன்ட்டில் ஹிப் அளவுக்கு வாங்குங்கள். இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், ஹிப்பை விரிக்க வழியில்லை. ஆனால் உள்பக்கம் தையல்மேல் வழுவழுப்பான நாடா ஒட்டியிருந்தால் சாதாரண டெய்லரிடம் கொடுக்காதீர்கள். ஊசி குத்திய துளை வழியே தண்ணீர் கசியும். அப்படிப்பட்ட பேன்ட்டில் பக்கவாட்டு ஒட்டுப்பட்டை அல்லது தோள்பட்டை வார் இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நிற்காதீர்கள். ஸ்கையில் யாரும் அப்படி நிற்பதில்லை. ஜிப்பைத் தாடைவரை ஏற்றுங்கள், முட்டியை மடக்கி உடம்பை முன்னே சாய்த்து, கோல் பிடித்தாற்போல இரண்டு கையையும் நீட்டுங்கள். முதுகுப்பக்கம் ஜாக்கெட் ஏறிப் பேன்ட்டின் பட்டி தெரிந்தால் குட்டை. ஜாக்கெட் கையின் நுனி மணிக்கட்டைவிட்டு மேலே ஓடினாலும் குட்டைதான். அப்படியே முழுக்க உட்காருங்கள். கவட்டை இழுத்தால் வேறு மாடல் பாருங்கள். ஹெல்மெட்டைப் போட்டு ஹூடை மேலே இழுத்து, தலையை இடமும் வலமும் திருப்புங்கள். ரோமம் வைத்த அழகான ஹூட் பலவும் ஹெல்மெட்டுக்கு மேல் ஏறாது, அவை ஊருக்குள் நடக்க மட்டுமே. ஸ்கை பூட் இரவல் வாங்கியாவது பேன்ட்டின் அடிப்பகுதியைப் பூட்டின் கொக்கிகளுக்கு மேல் இறக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் எலாஸ்டிக் உறை கொக்கியில் சிக்காமல் இறங்க வேண்டும். பூட்டுக்குள் காலுறை தவிர வேறு எதுவும் போகக் கூடாது, தெர்மலும்கூட.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்டைலிஸ்ட் அடுத்து காட்டப்போவது மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒரே உடை. இதுவரை சொன்ன எந்த எண்ணும் அதற்கு உதவாது. 38 கச்சிதமாக இருப்பவருக்கும் உடம்பு நீளமாக இருந்தால் அது தோளில் வெட்டும். டேப்பைத் தோளின் நடுவில் வைத்து, முன்பக்கமாக இறக்கி, கவட்டை வழியாகப் பின்னே கொண்டுபோய், அதே தோளில் முடியுங்கள். இதற்கு ஒருவர் உதவி வேண்டும். அந்தச் சுற்றளவை விற்பவரிடம் சொல்லி, எந்த சைஸ் பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தால், போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பிறகு குனிந்து தரையைத் தொடுங்கள். இரண்டிலும் தோள் இழுக்கக் கூடாது. நிற்கும்போது கவட்டை கொஞ்சம் தளர்வாகத் தொங்குவது இதில் குறையல்ல, அந்தத் தளர்வு குனிவதற்கானது. இந்த உடையில் மட்டும், சுற்றளவு இரண்டு சைஸுக்கு நடுவே விழுந்தால், பெரியதை எடுத்து இடுப்பைப் பெல்ட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, தடித்த பூட்டும் க்ளவுஸும் போட்டபடி கழிப்பறைக்குப் போய்த் தனியாக அவிழ்த்து மாட்ட முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், விலைச்சீட்டைக் கிழிக்கும் முன்பாக.