கோட்டைக்கு அழைக்கப்பட்ட கோல்கீப்பர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1998 நாகானோ ஒலிம்பிக் முடிந்ததும் செக் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக்கைக் குடியரசுத் தலைவராக்கச் சொல்லிப் பிராக் நகர மக்கள் முழங்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு விளையாட்டு வீரர்மீது இத்தனை பித்து ஏன்? வெற்றி மயக்கம்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மயக்கமும் இருந்தது. ஆனால் அந்த முழக்கத்தின் வேர் 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்த நாளில் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கிய அணி சோவியத் அணியை இருமுறை வென்றபோது, வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபத்தையெல்லாம் மக்கள் கொண்டாட்டமாகத் தெருவில் கொட்டினார்கள். ஹாஷெக் அப்போது நான்கு வயதுக் குழந்தை.

பார்துபிட்சேயில் பிறந்து, பதினாறு வயதிலேயே சொந்த ஊர் அணிக்கு ஆடத் தொடங்கியவர் அவர். 1983இல் அமெரிக்க ஹாக்கி லீகின் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சிகாகோ அணி அவரை 199ஆவது ஆளாகத்தான் எடுத்தது. அமெரிக்கா செல்லவோ 1990 வரை காத்திருக்க நேர்ந்தது. பஃபலோ அணியில்தான் அவருடைய மேதைமை வெளிப்பட்டது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, மல்லாந்து உருண்டு, மட்டை பிடித்த கையாலேயே பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அள்ளிவிடுவார்; எந்தப் பயிற்சியாளரும் இதைக் கற்றுத் தந்திருக்க மாட்டார். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை ஆறு முறை வென்றார்.

நாகானோ அரையிறுதியில் எதிரணி கனடா. ஆட்டம் முடிய அறுபத்துமூன்று நொடிகளே இருக்கையில் கனடாவின் லிண்டன் கோலடித்துச் சமன் செய்ய, கூடுதல் நேரத்திலும் முடிவு கிடைக்காமல் பெனால்டி ஷூட் அவுட் வந்தது. செக் தரப்பில் ரைகல் மட்டுமே கோலடித்தார். ஃப்ளூரி, பூர்க், நியூவென்டைக், லிண்ட்ராஸ், ஷானஹான் என்று ஒருவர் பின் ஒருவராகத் தனியே பாய்ந்துவந்த ஐந்து பேரில் ஒருவராலும் ஹாஷெக்கைத் தாண்ட முடியவில்லை. கனடாவின் மாபெரும் நட்சத்திரமான க்ரெட்ஸ்கி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னால் பதற்றமில்லாமல் பார்க்க முடிவதில்லை.

இறுதியாட்டம் ரஷ்யாவுடன், ஸ்வொபோதா அடித்த ஒரே கோல் போதுமாக இருந்தது. ஆறு ஆட்டங்களில் ஹாஷெக் விட்ட கோல்கள் ஆறு மட்டுமே. பழைய நகரச் சதுக்கத்தில் திரண்டவர்கள் ‘ஹாஷெக் கோட்டைக்கு!’ என்று முழங்கினார்கள். பிராக் கோட்டை என்பது குடியரசுத் தலைவரின் இருப்பிடம். கம்யூனிஸ்ட் ஆட்சியில் சிறையிலிருந்த நாடகாசிரியர் வாட்ஸ்லவ் ஹாவெல் அப்போது அங்கே இருந்தார். தாங்கள் நெஞ்சார மதித்த ஒருவரின் இடத்தையே தங்கள் கோல்கீப்பருக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

2012இல் ஓய்வை அறிவித்த பிறகும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 2022இல் உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கியவுடன், அமெரிக்க லீகில் ஆடும் ரஷ்ய வீரர்கள் அனைவரின் ஒப்பந்தங்களையும் நிறுத்திவைக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அவரை நேசித்தவர்களிலேயே சிலருக்கு அது கடுமையாகப் பட்டிருக்கும். அவர் அந்த நிலையிலிருந்து இறங்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்